உவகை என்னும் சொல்லும் அதனைச் சொல்லும் உரிமையும்

மொழிப் பாடத்திலே மாணவர்க்கு அளிக்கப்படும் பயிற்சிகளுள் 'பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்பது யாவரும் அறிந்த ஒன்று. 'பேருவகை' என்னும் சொல் அவ்வாறு கொடுக்கப்படுகின்றது எனக் கொள்வோம். 'மகன் பரீட்சையிற் சித்தியெய்திய செய்தியைக் கேட்ட தாய் பேருவகை கொண்டாள்' என ஒரு மாணவன் எழுதுகின்றான். ஆசிரியர் அதனை ஏற்றுக்கொள்கின்றார். மற்றொருவன் 'மகன் இறந்த செய்தியைக் கேட்ட தாய் பேருவகை கொண்டாள்' என எழுதுகின்றான். ஆசிரியரின் சிவப்பு மை அவ்வாக்கியத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் திருத்துவது எதனை? எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் இரு வாக்கியங்களிலும் ஒரே வகையிலேயே அமைந்துள்ளன. எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. அகராதி கூறும் பொருளிலிருந்து சொல் விலகவும் இல்லை. இலக்கணம் பிழையற்றதாயிருக்க, வாக்கியம் மாத்திரம் பிழையெனத் தோன்றுவது எதனால்?

இவ்வினாவை மேலும் சிக்கலாக்கும் செய்தி ஒன்றுண்டு. இரண்டாம் மாணவன் எழுதியதை ஒத்த கூற்றுத் தமிழிலே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கி வருகின்றது. புறநானூற்றின் 277ஆம் பாடலும் 278ஆம் பாடலும் மகனைப் போரிலே பறிகொடுத்த முதியவள் ஒருத்தி, அவனை ஈன்ற நாளிற் பெற்றதினும் பெரிய உவகையைப் பெற்றாள் எனக் கூறுகின்றன. பள்ளி மாணவன் எழுதினால் தவறு, பூங்கணுத்திரையாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பாடினால் சரி என்று கூறிவிட்டு அமைதல் ஆராய்ச்சியாகாது. பெருமகிழ்வைக் குறிக்கும் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துதல் என்பது உண்மையில் யாது, அது இலக்கணத்தோடு முடிந்துவிடுவதா, அன்றி ஒழுக்கவியலின் எல்லைக்குள்ளும் புகுவதா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும்.

முதற்கண் சொல்லளவில் நின்று நோக்குவோம். தமிழிலே மகிழ்வைச் சுட்டும் சொற்கள் பல. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக எவ்விடத்தும் வரத்தக்கன அல்ல. மகிழ்ச்சி அடைகின்றோம், உவகை கொள்கின்றோம், இன்பம் நுகர்கின்றோம், ஆனந்தத்தில் திளைக்கின்றோம். பெற்றோர் பிள்ளைகளை எண்ணிப் பூரிக்கின்றனர். 'களி', 'மகிழ்' என்னும் சொற்களுக்குச் சங்க நூல்களிலே கள்ளின் தொடர்பு உண்டு. அரசன் பரிசிலரோடு கூடியிருந்து கள்ளுண்டு மகிழ்ந்த காலை அவை 'நாள்மகிழ்' எனப்பட்டது. உவகைக்கு அத்தகைய வெறித்தொடர்பு இல்லை. அது உடலிலிருந்து கிளம்புவதினும், ஒன்றை அறிந்த உள்ளத்திலிருந்து கிளம்புவதாகவே பெரிதும் வழங்கப்படுகின்றது. இவ்வேறுபாடுகளை அறியாது சொற்களைக் கையாளுவோர் பிழைபடுவது இயல்பே. மேடைகளிலே 'இறும்பூது எய்துகின்றேன்' என்று கூறுவோர் பலர், அச்சொல் பெருமகிழ்வையோ பெருமையையோ குறிப்பதாகக் கருதுகின்றனர். அது குறிப்பது வியப்பையாகும். இத்தகைய பிழைகளை அகராதி கொண்டு திருத்திவிடலாம். நாம் எடுத்துக்கொண்ட வாக்கியத்தின் பிழையோ அகராதிக்கு அகப்படுவதன்று.

அகராதிக்கு அகப்படாமைக்குக் காரணம், உவகை வெறும் உடலுணர்ச்சியின் பெயர் அன்மையே. பல்வலியை உடையவன் 'எதனைப் பற்றிய வலி?' என்று வினவப்படுவதில்லை. உவகை கொண்டேன் என்பவனை நோக்கி 'எதன்பொருட்டு?' என்று வினவுதல் இயல்பானது, விடையும் எதிர்பார்க்கப்படுவது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதனை நன்கு உணர்ந்திருந்தது எனலாம். நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறிய அந்நூல், ஒவ்வொன்றும் எவ்வெவற்றை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பதை நந்நான்காக வகுத்துரைக்கின்றது. உவகைக்கு அது கூறும் நிலைக்களன்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. இவற்றுட் புலன் என்பதைக் கல்வியின் பயனாகிய அறிவுடைமை எனக் கொண்டார் உரையாசிரியருள் ஒருவராகிய பேராசிரியர். இப்பட்டியல் முழுமையானதா என்பது வேறு வினா. உணர்ச்சியை அதன் காரணத்தினின்றும் பிரித்து வரையறுக்க முடியாது என்னும் கொள்கை அதனுள் அடங்கியிருப்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இக்கொள்கையிலிருந்து கடினமானதொரு முடிவு பிறக்கின்றது. காரணம் பொய்யாயின் உவகையும் பொய்யாகுமா? பிளேட்டோவின் 'பிலீபஸ்' என்னும் உரையாடலிலே சோக்கிரட்டீஸ் இவ்வினாவை எழுப்புகின்றார். கருத்துக்கள் பொய்யாதல் போல இன்பங்களும் பொய்யாதல் கூடும் என்பது அவர் கட்சி. அவரோடு உரையாடும் புரோட்டார்க்கஸ் அதனை எளிதில் ஏற்கவில்லை. இன்பத்தோடு சேர்ந்த கருத்துப் பொய்யாயிருக்கலாம், இன்பத்தையே பொய்யென்பார் யார் என்பது அவருடைய தடை. உணர்ந்தவன் உணர்ந்தது உண்மை என்ற அளவிலே இத்தடை வலுவுடையது. ஆயினும், வராத செல்வத்தை வந்ததாக எண்ணி மகிழ்ந்தவனுடைய மகிழ்வு, உண்மை தெரிந்தபின் குறைவதோடு நில்லாது பொருளற்றதாகவும் ஆகிவிடுகின்றது. பல்வலிக்குத் தவறான காரணத்தைக் கற்பித்தவன், உண்மைக் காரணத்தை அறிந்தபின்னும் வலியை உணர்ந்துகொண்டேயிருப்பான். மகிழ்வோ தன் காரணத்தோடு கூடவே நிற்கின்றது. அதனோடு கூடவே வீழ்கின்றது.

இனி, 'பேருவகை' என்பதிலுள்ள பெருமை எதனால் அளக்கப்படுகின்றது? இன்பத்தை அளவைக்கு உட்படுத்த முயன்றோருள் பெந்தாம் பெயர் பெற்றவர். 1789இல் வெளிவந்த தமது நூலில் அவர் செறிவு, காலநீட்சி, உறுதிப்பாடு முதலிய ஏழு அளவைகளைக் கூறினார். இன்பங்கள் அளவாலன்றித் தரத்தாலும் வேறுபடும் என 1861இல் மில் அதனைத் திருத்தினார். இவற்றுக்குப் பன்னூறாண்டுகள் முன்னரே தைத்திரீய உபநிடதம் ஆனந்தத்தைக் கணக்கிட முற்பட்டிருந்தது. கல்வியும் உடல்வலிமையும் உலகச் செல்வம் முழுவதும் வாய்க்கப்பெற்ற இளைஞன் ஒருவனது ஆனந்தத்தை அது ஓர் அலகாகக் கொள்கின்றது. பின்னர் ஒவ்வொரு படியிலும் நூறு மடங்காக அதனை உயர்த்திப் பிரமானந்தத்தை அடைகின்றது. அக்கணக்கின் நுட்பம் யாதெனில், உயர்ந்த படிகள்தோறும் அதே ஆனந்தம் ஆசையால் தாக்கப்படாத கல்விமானுக்கும் உரியதென அது கூறிச் செல்வதாகும். எண்ணிக்கையில் தொடங்கிய அளவை, இறுதியில் மனிதனின் ஒழுக்கநிலையிற் சென்று நிற்கின்றது.

பழந்தமிழ்ச் செய்யுள் கையாண்ட அளவை இவற்றினும் எளியது. ஒரு தாய் தன் வாழ்வில் அறிந்த மகிழ்வுகளுள் பிள்ளையை ஈன்ற நாளின் மகிழ்வைத் தனியே எடுத்து, அதனினும் பெரிது என்று சொல்லிவிடுவதே அவ்வளவை. மேற்குறித்த இரு புறப்பாடல்களும் இதனையே பயன்படுத்துகின்றன. திருக்குறளின் 69ஆம் குறளும் இதனையே பயன்படுத்துகின்றது. அங்கே தாய் கேட்பது மகன் இறந்தான் என்பதையன்று. அவன் சான்றோன் எனப் பிறர் சொல்லும் சொல்லையாகும். ஒரே அளவுகோல் இரண்டு வெவ்வேறு பொருள்களின்மேல் வைக்கப்பட்டிருக்கின்றது. வீரயுகத்தின் விழுமியம் ஒன்றும் அறநூற் காலத்தின் விழுமியம் ஒன்றும் தாயின் உவகை என்னும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்படுகின்றன. ஒரு சமுதாயம் எதனைத் தாயின் பேருவகைக்குரிய பொருளாகக் காட்டுகின்றதோ, அதுவே அச்சமுதாயம் தன் மக்களிடம் வேண்டி நிற்பது என்று கூறினும் மிகையாகாது.

இவ்விடத்திலே அப்புறப்பாடல்களைச் சற்று நெருங்கி நோக்குதல் வேண்டும். 278ஆம் பாடலில் வரும் முதியவளிடம் பலர் வந்து, உன் மகன் போரிலே புறங்கொடுத்தான் என்கின்றனர். அது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் எனச் சினந்து, வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகின்றாள். சிதைந்து வேறாகிக் கிடந்த மகனின் உடலைக் காண்கின்றாள், உவக்கின்றாள். அவளது உவகையின் பொருள் யாது? மகன் இறந்தான் என்பதன்று. அவனைப் பற்றிப் பிறர் கூறிய பழி பொய் என்பதே. இவ்வேறுபாடு மிக நுண்ணியதெனினும் மிக இன்றியமையாதது. 'மகன் இறந்ததை அறிந்து உவந்தாள்' என்பதும் 'மகன் புறங்கொடுத்திலன் என்பதை அறிந்து உவந்தாள்' என்பதும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டினும் ஒரே வாக்கியங்கள் அல்ல. முன்னது பிழை, பின்னது பொருந்தும்.

277ஆம் பாடல் இதனினும் ஆழமானது. கொக்கின் இறகு போல் நரைத்த கூந்தலையுடைய முதியவள் ஒருத்தியின் மகன் களிற்றை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான். அச்செய்தியால் அவளடைந்த உவகை அவனை ஈன்ற நாளினும் பெரிது என்று கூறிய புலவர், அம்மூச்சிலேயே அவளுடைய கண்ணீரையும் கூறுகின்றார். அக்கண்ணீர் மழை பெய்து ஓய்ந்தபின் மூங்கிலிலே தொங்கி நிற்கும் நீர்த்துளிகளினும் பல. சிறிய இப்பாடலிலே உவகைக்கு ஓர் ஒப்பீடு. கண்ணீருக்கும் ஓர் ஒப்பீடு. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இப்பாடல்களுக்குத் துறை வகுத்தோர் இட்ட பெயர் 'உவகைக் கலுழ்ச்சி' என்பதாகும். உவகை என்னும் சொல் அத்துறைப் பெயரிலே தனித்து நில்லாது, கலுழ்ச்சியாகிய அழுகையோடு சேர்ந்தே நிற்கின்றது. பூங்கணுத்திரையார் அச்சொல்லைச் சரியாகப் பயன்படுத்தினார் என நாம் கூறுவதற்குக் காரணம் இதுவே. பள்ளி மாணவனின் வாக்கியத்திலே இல்லாதது இலக்கணமன்று, கண்ணீர்.

இதற்கு ஒரு மறுப்பு எழுதல் கூடும். அக்காலத் தாய்மார் உண்மையிலேயே அவ்வாறு உவந்தனரா, அன்றி அரசரைச் சார்ந்து வாழ்ந்த புலவர் அவ்வுவகையை அவர்மேல் ஏற்றினரா என ஒருவர் வினவலாம். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளியிட்ட நூலிலே, சங்கச் செய்யுள்களை வாய்மொழி மரபிலே தோன்றிய வீரயுகப் பாடல்களாகவும் வாய்பாடுகளால் அமைந்தவையாகவும் விளக்கியுள்ளார். அவ்வகையில் நோக்கின், 'ஈன்ற நாளினும் பெரிது' என்னும் ஒப்பீட்டையும் ஒரு வாய்பாடாகக் கருத இடமுண்டு. வாய்பாடு ஒரு தாயின் வாக்குமூலம் அன்று. சமுதாயம் தாய்க்கெனத் தைத்து வைத்த ஆடை. இம்மறுப்பை நாம் முற்றாகத் தள்ளவேண்டியதில்லை. ஆடை தைத்தோர் அரசரையும் அவர்தம் போரையும் கருத்திற்கொண்டே தைத்திருத்தல் கூடும். ஆயினும் அந்த ஆடையினுள்ளே அழுதுகொண்டிருக்கும் உடலைப் புலவர் மறைக்கவில்லை என்பதும் உண்மையே.

இம்மறுப்பு நம்மை இக்கட்டுரையின் மையப் பிரச்சினைக்கு இட்டுச் செல்கின்றது. இரண்டு பாடல்களிலும் தாய் 'நான் உவக்கின்றேன்' என்று கூறவில்லை; 'அவள் உவந்தாள்' என்று பிறர் கூறுகின்றனர். தன்மைக் கூற்றுக்கும் படர்க்கைக் கூற்றுக்குமிடையே உணர்ச்சிச் சொற்களைப் பொறுத்தவரையில் பெரியதோர் இடைவெளி உண்டு. 1953இல் வெளிவந்த 'மெய்யியல் ஆய்வுகள்' என்னும் நூலிலே விற்கென்ஸ்ரைன் ஓர் உவமை கூறுகின்றார். ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி உண்டு. அதனுள் இருப்பதை ஒவ்வொருவரும் 'வண்டு' என்கின்றனர். ஒருவர் பெட்டியை மற்றவர் திறந்து பார்க்க முடியாது. அவ்வாறாயின் அச்சொல்லுக்குப் பொதுப்பொருளைத் தருவது பெட்டியினுள் இருப்பதாயிருக்க முடியாது. அச்சொல்லை வழங்கும் மக்களின் பொதுவழக்கே அதனைத் தருகின்றது. இதிலிருந்து, தன்மைக் கூற்றை ஒருவர் தம் அகத்தைச் சோதித்துச் சொல்வதில்லை என்பதும், படர்க்கைக் கூற்றுக்கோ கண்டவை, கேட்டவை, சூழ்நிலை ஆகிய சான்றுகள் வேண்டும் என்பதும் பெறப்படும். சான்றின்றி ஒருவர்மேல் களவை ஏற்றிக் கூறினால் அதனைப் பழி என்கின்றோம். சான்றின்றி ஒருவர்மேல் உவகையை ஏற்றிக் கூறினால் அதற்கு மொழியிலே தனிப்பெயர் இல்லை. பெயரின்மையால் அது குற்றமன்றாகிவிடாது.

போர் நிகழ்ந்த நாடுகளிலெல்லாம் இக்குற்றம் நிகழ்ந்துள்ளது. பிள்ளையைக் களத்தில் இழந்த தாயைச் சுட்டி, அவள் துயருறவில்லை, பெருமகிழ்வு கொண்டாள் என்று பேசுவோர் எல்லாத் தரப்புகளிலும் எல்லா மொழிகளிலும் இருந்துள்ளனர். அவர்கள் புறப்பாடலின் முதற்பாதியை எடுத்துக்கொண்டு மூங்கிலின் நீர்த்துளிகளை விட்டுவிடுகின்றனர். 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட இந்நாட்டிலே வாழும் நாம் இதனை வெறும் சொல்லாராய்ச்சியாகக் கருதிவிட முடியாது. புறநானூற்றுத் தாய்க்குக் களத்திற்குச் சென்று பிணங்களைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பேனும் இருந்தது. மகனுக்கு நேர்ந்தது யாதென்பதை அவள் தன் கண்ணாற் கண்டாள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியிலே 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டமாக வீதியோரம் அமர்ந்தபோது, அவர்களுட் பலர் தாய்மார். அவர்களுக்கு அந்த அறிவும் மறுக்கப்பட்டிருந்தது. பொருளை அறியாத இடத்தில் உவகையும் இல்லை, துயருக்கும் முடிவில்லை. அத்தகையோர்மேல் பெருமிதத்தையோ ஆறுதலையோ பிறர் ஏற்றிக் கூறுதல், இலக்கணப் பிழைகள் யாவற்றினும் பெரும் பிழையாகும்.

இதனால் பிறருடைய உவகையைப் பற்றி நாம் பேசவே கூடாது என்பது கருத்தன்று. பிறர் நலங்கண்டு மகிழ்தலைப் பௌத்தம் முதிதை எனப் போற்றி, நான்கு பிரமவிகாரங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. ஐந்தாம் நூற்றாண்டிலே அநுராதபுர மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர், இந்நற்குணங்கள் ஒவ்வொன்றுக்கும் அண்மைப் பகை, சேய்மைப் பகை என இருவகைப் பகை உண்டென்பர். வெறுப்பு முதிதையின் சேய்மைப் பகை. அது வெளிப்படையாகத் தெரிவதனால் ஏமாற்றுவதில்லை. தன் ஆதாயத்தைப் பற்றி நிற்கும் உலகியல் மகிழ்வு அதன் அண்மைப் பகை. முதிதையைப் போலவே தோன்றுவதனால் எளிதில் ஏமாற்றும். மேடையில் நின்று, தாயின் உவகையைக் கண்டு தானும் உவப்பதாகக் கூறுபவன் உண்மையில் உவப்பது தன் கட்சிக்கும் கொள்கைக்கும் கிடைத்த ஆதாயத்திற்காக எனின், அவன் சொல் முதிதையின் உடையிலே வந்த பகையே.

பெருமகிழ்வுச் சொற்கள் சடங்குரையாக வழங்குவது பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'இவ்விழாவிற் பங்குபற்றுவதில் பெருமகிழ்ச்சி அடைகின்றேன்' என்பதைக் கேட்டு, உண்மையாகவா என்று யாரும் வினவுவதில்லை. 1955இல் ஹார்வார்டில் நிகழ்த்தி 1962இல் நூலாக வெளிவந்த விரிவுரைகளிலே ஒஸ்ரின் எடுத்துக்காட்டியவாறு, சில கூற்றுக்கள் செய்தி கூறுவனவல்ல, செயல் புரிவன. மேற்கூறிய வாக்கியமும் வணக்கம் கூறுதல் போன்ற ஒரு செயலே. ஆதலால் அதனைப் பொய்யெனல் பொருந்தாது. எனினும் அதற்கும் ஒரு விலை உண்டு. நாள்தோறும் சடங்கிற்குச் செலவிடப்படும் சொல், மெய்யாகவே வேண்டப்படும் நாளிலே வெறுங்கையோடு நிற்கும். தம் வாழ்நாளில் ஓரிரு முறையே வாய்க்கும் மகிழ்வைச் சொல்ல முற்படுவோர் சொல் கிடையாது மௌனமாகிவிடுவதற்கு, அச்சொற்களை நாம் மலிவாக்கியதும் ஒரு காரணமாகலாம்.

மேற்கூறியவற்றால் பெருமகிழ்வைக் குறிக்கும் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவோன் மூன்று கடன்களுக்கு உட்பட்டவன் என்பது பெறப்படும். முதலாவது மொழிக்குரிய கடன்: சொற்களின் வேறுபாட்டையும் அவை ஏற்கும் வினைகளையும் அறிதல். இரண்டாவது பொருளுக்குரிய கடன்: எதன்பொருட்டு உவகை என்பதைத் தெளிவாகக் கூறுதல், அப்பொருள் உண்மையானதா, உவத்தற்குத் தகுந்ததா என ஆராய்தல். மூன்றாவது மனிதர்க்குரிய கடன்: பிறர் உள்ளத்தைப் பற்றிக் கூறுமிடத்து அவர் தரும் சான்றுக்கு மேலாக ஒன்றையும் கூறாமை, அவர் கண்ணீரைக் கண்டிருப்பின் அதனையும் சேர்த்தே கூறுதல். முதற்கடனைப் பள்ளியிலேயே கற்றுவிடலாம். இரண்டாவதைக் கற்பதற்கே பல்கலைக்கழகங்கள் உள்ளன. மூன்றாவதைக் கற்பிப்பதற்குத் தனியொரு துறை எங்கும் இல்லை; பேசும் வாயும் எழுதும் கையும் உடைய ஒவ்வொருவரும் தாமே அதனைக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.